கேட்காமல் தந்த வரிசை

கோயமுத்தூர் கணபதியில் நம் ஆபீசுக்குக் கீழே இருக்கும் பேக்கரியில் இன்றைக்கும் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் தேங்காய் பன் வெந்து இறங்குகிறது. அந்த வாசம் மாடிப்படி ஏறி, கதவிடுக்கில் நுழைந்து, நீ உட்கார்ந்திருந்த மூலை வரைக்கும் வரும். வழக்கமாக எனக்குப் பசிக்கும். இன்றைக்குப் பசிக்கவில்லை. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். பன் என்ன செய்யும், பாவம். இந்த நேரத்தில்தான் நீ கீழே போய் டீ சொல்லிவிட்டு வந்து, காலையிலிருந்து நான் செய்த தப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் போடுவாய். "ஏனம்மணி, அறிவுன்னு ஒண்ணு இருக்குதா உனக்கு?" என்று ஆரம்பிப்பாய். பன்னைப் பிய்த்து என் கையில் கொடுத்துக்கொண்டே திட்டுகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்போது என்னைத் திட்ட ஆள் இல்லை. இந்தக் கடிதமே அதற்காகத்தான். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதற்குள் நான் ஒரு காரியம் செய்து வைத்திருக்கிறேன். அதற்கு இந்தக் கோயமுத்தூரில் ஒருத்தர்கூட என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எல்லோரும் பரவாயில்லைங்க என்கிறார்கள். எனக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை.

நாம் செய்கிற வேலையை யாரிடமும் எனக்கு விளக்கத் தெரியாது. கல்யாண வீட்டில் யாராவது "என்ன வேல பாக்கறே கண்ணு?" என்று கேட்டால், "கம்ப்யூட்டர்ங்க" என்று சொல்லி சாப்பாட்டு வரிசைக்கு நழுவிவிடுவேன். நீ நின்று பதில் சொல்வாய். "கடைக்காரங்க, ஆஸ்பத்திரிக்காரங்க எல்லாம் ஆரு வந்தாங்க, ஆரு போனாங்கன்னு கம்ப்யூட்டர்ல போட்டு வெச்சிருப்பாங்கல்லீங்க, அதுக்குப் பேரு டேட்டாபேஸ். அதச் செஞ்ச கம்பெனிக்காரன் நாலஞ்சு வருசத்துக்கு ஒருக்கா புது வெர்ஷன் உட்டுப்போட்டு, பழசக் கைகழுவிருவான். பழசுல இருக்கறத எல்லாம் புதுசுக்குக் கொண்டுபோயி, முன்ன மாதிரியே ஓட வெக்கறதுதானுங்க எங்க வேல. ஊடு மாத்தறப்ப சாமான் ஒடையாம பாத்துக்கறதில்லீங்களா, அதாட்ட." கேட்டவருக்கு உடனே புரிந்துவிடும். எனக்கு எரிச்சலாக இருக்கும். படித்த படிப்பை எல்லாம் இவள் சாமான் ஏற்றுகிற வேலையாக்கிவிட்டாளே என்று.

எழுதுகிற வேலை எனக்கு. எழுதியது ஓடுகிறதா என்று பார்க்கிற வேலை உனக்கு. நீ பார்க்கிற விதம்தான் எனக்குப் பல வருஷம் பிடிபடவில்லை. கோபிசெட்டிபாளையத்தில் ஒரு மோட்டார், பைப் கடைக்கு வெர்ஷன் மாற்றிக் கொடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மாற்றின மறுநாள் நான் போன் போட்டேன். கம்ப்யூட்டரில் உட்காருகிற பெண், "நல்லாருக்குதுங்க்கா, ஒரு கொறையும் இல்லீங்க்கா" என்றாள். வேலை முடிந்தது என்று நான் அடுத்ததை எடுத்தேன். நீ பையைத் தூக்கித் தோளில் மாட்டினாய். "கெளம்பு" என்றாய். போகிற வழியெல்லாம் நான் முணுமுணுத்தேன். சொந்த ஊருக்குப் போகிற சந்தோஷம்கூட எனக்கு இல்லை. போன் பண்ணினால் தெரிகிற விஷயத்துக்கு இப்படி ஒரு பஸ் பயணமா?

கடையில் நீ கம்ப்யூட்டரைத் தொடவேயில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாய். அவள் ஊர், அவள் அம்மாவின் முட்டிவலி, வாய்க்காலில் தண்ணீர் விட்டார்களா என்று என்னென்னவோ பேசினாய். மத்தியானம் வரைக்கும் அதுதான். பிறகு திடீரென்று, "ஏன் கண்ணு, ஆளு வந்து பேரு சொன்னா நீ எதுக்கு அந்தச் செவுத்துக் காலண்டரப் பாக்கறே?" என்று கேட்டாய். அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. காலண்டர் தாள்களின் ஓரத்தில் வாடிக்கையாளர்களின் நம்பர்களைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். பழைய வெர்ஷன் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று பேதம் பார்க்காது. எப்படி அடித்தாலும் ஆளைக் காட்டிவிடும். புதியது பேதம் பார்த்தது. பாதிப் பெயர்களை அது 'இல்லை' என்றது. அவள் யாரிடமும் சொல்லாமல் காலண்டருக்கு மாறிவிட்டாள்.

"எங்ககிட்டச் சொல்றதுக்கென்ன கண்ணு?" என்று நீ கேட்டாய்.

"நீங்க அத்தன தூரம் வந்து செஞ்சு குடுத்திருக்கறீங்க. எப்படிங்க்கா கொறை சொல்றது?"

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு நடந்த பூஜை இருக்கிறதே! ஜன்னலுக்கு வெளியே வாழைத்தோப்பு போய்க்கொண்டே இருந்தது, நீ நிறுத்தவில்லை. கோபம் முற்றினால் உனக்கு உன் வீட்டுத் தெலுங்கு வந்துவிடும். அன்றைக்கும் வந்தது. கண்டக்டரும் தெலுங்கு பேசுகிற வீட்டுக்காரர் போலிருக்கிறது. டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே வாயைப் பொத்திச் சிரித்தார். கடைசியில் தமிழுக்குத் திரும்பி நீ சொன்னது மட்டும் அப்படியே நிற்கிறது. "இந்த ஊர்ல ஒருத்தரும் நல்லா இல்லைன்னு சொல்ல மாட்டாங்க அம்மணி. அதிகபட்சம் பரவாயில்லைங்கம்பாங்க. அந்த வார்த்தை காதுல உழுந்தா செருப்பக்கூடத் தேடாம ஓடு. போயி பக்கத்துல ஒக்காரு."

உனக்கு எல்லாவற்றிலும் பயம் என்று நான் நினைத்தேன். புது வெர்ஷனுக்குள்ளேயே 'பழையது மாதிரி நடந்துகொள்' என்று ஓர் அமைப்பு இருக்கும். அதைப் போட்டு வைத்தால், புதியது பழைய வெர்ஷனின் பழக்கங்களை எல்லாம் காப்பாற்றும். நான் அதை முதல் நாளே எடுத்துவிடலாம் என்பேன். புதுக்கார் வாங்கிவிட்டு எதற்கு மாட்டுவண்டி வேகத்தில் ஓட்ட வேண்டும்? அந்தக் கோபி கடைக்குப் பிறகு நீ மாசக்கணக்கில் அதை விட்டுவைப்பாய். பழைய மெஷினையும் புது மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே கேள்வியை இரண்டிடமும் கேட்பாய். "பழசு என்ன பதில் சொல்லுச்சோ, புதுசும் அதையே சொல்லோணும். அதுக்கப்பறம் உன்ற பெருமையப் பேசு." இதற்காக நாம் போட்ட சண்டையில், கீழே பேக்கரிக்காரர் இரண்டு முறை மேலே வந்து எட்டிப் பார்த்திருக்கிறார்.

பொள்ளாச்சி ரோட்டில் அந்தச் செயற்கைக் கால் மையம் நமக்கு வந்தபோது நீ குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாய். கால் இழந்தவர்களுக்கு இலவசமாகக் கால் செய்து கொடுக்கிற இடம். பேரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், முறை வரும்போது கூப்பிட்டு அளவெடுப்பார்கள். யாருடைய முறை என்று சொல்கிற பட்டியலை நாம் செய்து கொடுத்தோம். சிபாரிசு எதுவும் செல்லாது, கம்ப்யூட்டர் என்ன வரிசை சொல்கிறதோ அதுதான் என்று அங்கே சட்டம் போட வைத்தவளும் நீதான். ஒரு பெரிய வீட்டு ஆள் வந்து, தங்கள் டிரைவருக்கு முதலில் செய்து தரவேண்டும் என்று நின்றாரே. முன்மேஜையில் இருக்கும் ராமசாமி அண்ணன் நெளிந்துகொண்டிருந்தார். நீ எழுந்து போய், "பேரக் குடுத்துட்டு பெஞ்சுல ஒக்காருங்க சார். நின்னுட்டே இருந்தா இருக்கற காலும் வலிக்கும்" என்றாய். அவர் போனபிறகு ராமசாமி அண்ணன் சிரிக்கவும் முடியாமல், பயத்தை விடவும் முடியாமல், "ஏனுங்கம்மணி இப்படிப் பேசறீங்க" என்று தண்ணீர் குடித்தார்.

போன வருஷம் தீபாவளி கழிந்த ஒரு திங்கட்கிழமை நீ வரவில்லை. உன் அண்ணன் போன் பண்ணினார். நெஞ்சுவலியில் நீ போய்விட்டாய் என்றார். அதைப் பற்றி என்னால் இதற்கு மேல் எழுத முடியாது.

தை மாசம் மையத்துக்கு வெர்ஷன் மாற்ற வேண்டி வந்தது. பழையதுக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தம் வராது என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மையத்துக்கு விடுமுறையான ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் போய் மாற்றினேன். பழையது மாதிரி நடந்துகொள்ளச் சொல்கிற அமைப்பை அன்றைக்கே எடுத்துவிட்டேன். பழைய மெஷினையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்கவில்லை. துக்கத்தில் இருந்தேன், உன் இடத்தில் உட்கார எனக்குத் தெம்பில்லை என்று சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். பொய்யும் இல்லை. ஆனால் உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த அமைப்பை எடுத்த நிமிஷம் எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. தடுக்க ஆள் இல்லை, என் இஷ்டப்படி செய்கிறேன் என்கிற சந்தோஷம். நீ போய் ஒரு பொங்கல்தான் ஆகியிருந்தது. அதற்குள் எனக்கு அப்படித் தோன்றியிருக்கிறது. இதை எழுதும்போதே காது மடல் சுடுகிறது.

அடுத்த வாரம் ராமசாமி அண்ணனுக்குப் போன் போட்டேன். "எல்லாம் செரியா வருதுங்களாண்ணா?"

"நல்லாருக்குதுங்கம்மணி" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "பரவாயில்லைங்க" என்றார்.

நீ ஓடச் சொன்ன வார்த்தை. நான் போனை வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன்.

ஆனி மாசம் மையத்தில் புது பிரிண்டர் ஒன்று மாட்டப் போனேன். என் லேப்டாப் ஏதோ இறக்கிக்கொண்டிருந்தது, முடிகிற வழியாக இல்லை. கால் கடுத்ததால் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். வேண்டுமென்றே போய் உட்கார்ந்தேன் என்று எண்ணிவிடாதே, அவ்வளவு நல்லவள் இல்லை நான். பக்கத்தில் கைக்கட்டைகள் இரண்டையும் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு பெண் இருந்தாள். நம் வயசுதான் இருக்கும்.

"ஏனுங்க, நீங்களும் காலுக்குங்களா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு என் இரண்டு கால்களையும் பார்த்து அவளே சிரித்துவிட்டாள். "அட, கெரகமே. பாக்காமயே கேட்டுப்போட்டேன்."

பேர் சாந்தாமணி. ஆனைமலையில் செராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். வலது கால் முட்டிக்கு மேலே போய்விட்டது, லாரி ஏறி. அன்றைக்குத்தான் அளவெடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். வாய் ஓயாமல் பேசுகிறவள். வைகாசியில் தம்பி கல்யாணம் நடந்ததென்று செல்போனை எடுத்து, ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினாள். பந்தல், முகூர்த்தக்கால், மாமன்மார், ஜிகினா ஜாக்கெட் போட்ட சின்னப் பெண்கள். ஒரு படத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் இளம்பெண் பேழைக் கூடையோடு நின்றிருந்தாள். இணைச்சீர். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் அவனோடு இணையாக நின்று செய்துகொள்கிற சீர். அது இல்லாமல் நம் பக்கத்தில் கல்யாணம் ஏது?

"இது உங்க தங்கச்சிங்களா?" என்று கேட்டேன்.

"சித்தப்பன் புள்ளைங்க. நாந்தான் நிக்கோணும். ரெண்டு கையிலயும் கட்டையப் புடிச்சுட்டு, கூடைய எதுலீங்க புடிக்கறது?" என்று சிரித்தாள். விரலால் படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கினாள். "நானு இதா, இங்க."

பிளாஸ்டிக் சேரில் பட்டுச்சேலையோடு அவள். பாதி உடம்பு படத்துக்கு வெளியே இருந்தது.

"மாசிக்குள்ள கால் வந்துரும்னாங்க. அதான் தகிரியமா இருந்தேன். வர்லீங்க. சீரு செஞ்சு வெக்கற அருமைக்காரர்கூட, ஒக்காந்தே செஞ்சுக்கலாம் சாமின்னாரு. எனக்குத்தான் மனசு ஒப்பல. தம்பி நிக்க நான் ஒக்காந்திருந்தா அது இணைங்களா?"

"எப்பங்க பேரு குடுத்தீங்க?"

"போன ஆடிலீங்க."

எதிரே ஒருவர் புதுக்காலோடு சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தார். அவரைக் காட்டி, "அந்தண்ணன் தையில குடுத்தாருங்களாம். இப்பப் பாருங்க, எப்படி நடக்கறாரு. அவருக்கு முட்டிக்குக் கீழ. எனக்கு முட்டிக்கு மேலீங்களா, அதுக்கு வேற வரிசை இருக்குமாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்" என்றாள்.

வேறு வரிசை கிடையாது. ஒரே வரிசைதான். அதைச் செய்தவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது.

"ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமேங்க?" என்றேன். என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது.

"கேட்டா, நம்மள முன்னாடி உடச் சொல்ற மாதிரி ஆயிருமில்லீங்க? நமக்கு முன்னால என்னென்ன கஷ்டத்துல ஒவ்வொருத்தரும் இருக்கறாங்களோ."

உள்ளே போய்ப் பட்டியலைத் திறந்தேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆடியும் தையும் மார்கழியும் கலந்து கிடந்தன. பதிந்த தேதிப்படி வரிசையாகத் தா என்று நான் எழுதவே இல்லை. முதன்முதலில் எழுதியபோதே விட்டுப்போனது. பழைய வெர்ஷன் கேட்காமலே அந்த வரிசையில் தந்துகொண்டிருந்ததால் நமக்குத் தெரியாமல் போய்விட்டது. புதியது கேட்டதை மட்டும் தரும். வரிசை கேட்கவில்லையா, கைக்கு எந்தப் பேர் முதலில் அகப்படுகிறதோ அதை மேலே வைக்கும். நான் எடுத்த அந்த அமைப்பை விட்டுவைத்திருந்தால் பழைய பழக்கம் ஓடிக்கொண்டிருந்திருக்கும். நீ இருந்து இரண்டு மெஷினிலும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால், முதல் பக்கத்திலேயே பிடித்திருப்பாய். சாந்தாமணியின் பேர் மாசியில் முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியது. அந்த மாசத்துப் பட்டியலில் கடைசிப் பக்கத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.

ராமசாமி அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பேரு முன்னபின்ன வர்றாப்ல எனக்கும் தோணுச்சுங்க. புது மாடலு, அதுக்குன்னு ஏதோ கணக்கு வெச்சிருப்பீங்கன்னு உட்டுட்டேன்."

"ஏண்ணா, நான் போன்ல கேட்டப்பச் சொல்றதுக்கென்னங்க?"

"வாய் வரைக்கும் வந்துதுங்க." அவர் என்னைப் பார்க்காமல் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உங்க கொரலு ஒரு மாதிரியா இருந்துது. அவங்க போயி நாளே ஆகல. அந்த நேரத்துல எதுக்குங்க உங்களப் போட்டு இம்சை பண்றதுன்னு..."

கேட்டாயா? உன் சாவைச் சொல்லி எனக்குச் சலுகை கொடுத்திருக்கிறார். நான் சின்ன சந்தோஷத்தோடு செய்த வேலைக்கு, அவர் உன் துக்கத்தைப் போர்த்தி வைத்திருக்கிறார். எனக்கு அங்கேயே பூமி பிளக்கக் கூடாதா என்றிருந்தது.

வெளியே வந்து சாந்தாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெர்ஷன், அமைப்பு என்றெல்லாம் உளறினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அட, பரவாயில்லைங்க. மெசினு பண்றதுக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க?" என்றாள்.

"மெசின் இல்லீங்க. நான்."

"செரி, உடுங்க. மொகமெல்லாம் வேர்த்துப்போச்சு பாருங்க." பையிலிருந்து நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்து என் கையில் வைத்தாள். "கண்ணாலத்துக்குப் போட்டதுல மிச்சமுங்க. தின்னுங்க." அவள் என்னைத் தேற்றினாள். நான் தின்றேன், வெட்கம் கெட்டவள். மறுக்கவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை, கையில் இருந்ததைத் தின்றேன்.

மையத்தின் செயலாளர், "மனுசருக்கு வர்றதுதானுங்க, இனி நல்லபடியாப் பாத்துக்குங்க" என்று டீ வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கே அந்த அமைப்பைத் திரும்பப் போட்டேன். பட்டியலில் தேதி வரிசையை எழுதினேன். தையில் எடுத்து வைத்த பழைய பிரதியை எடுத்து, உன் முறைப்படி புதியதன் பக்கத்தில் வைத்து, யார் யார் பின்னுக்குப் போனார்கள் என்று பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் நானே போன் போட்டேன். ஒவ்வொருவரும் பரவாயில்லைங்க என்றார்கள். வால்பாறை எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து ஒருவர். முறை என்னாயிற்று என்று கேட்கலாமென்று அந்த வளைவு வளைவான மலை ரோட்டில் பஸ்ஸில் நின்றுகொண்டே இறங்கி வந்திருக்கிறார். பெஞ்சில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, எல்லோரும் நம்மைப் போலத்தானே என்று கேட்காமலே திரும்பிவிட்டாராம். அதைக்கூட அவர் குறையாகச் சொல்லவில்லை. "மழ வர்றதுக்குள்ள போய்ச் சேந்துட்டேங்க" என்றார்.

அன்றைக்கு ஆபீசுக்கு வந்து உன் குரலில் என்னை நானே திட்டிப் பார்த்தேன். ஏனம்மணி என்று சத்தமாகவே ஆரம்பித்தேன். வரவில்லை. என்னை நான் திட்டும்போது நடுநடுவே ஒரு சமாதானமும் சேர்ந்து வந்துவிடுகிறது. உன் தெலுங்கும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தக் காரம் வந்திருக்காது.

ஆடியில் சாந்தாமணிக்குக் கால் வந்தது. மாட்டிப் பழகுகிற நாளில் நான் போனேன். கம்ப்யூட்டர் இருக்கும் அறைப்பக்கம் போகவில்லை. நடைபழகுகிற கூடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு நீளக் கம்பிகளுக்கு நடுவே, இருபுறமும் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள். முதலில் எப்போதும்போலப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். புதுக்கால் சத்தம் போடுகிறதென்றும், கடைக்கு வருகிறவர்கள் இனித் தன்னை ஏமாற்றிவிட்டு ஓட முடியாதென்றும். சொல்லிக் கொடுக்கிற பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும்.

"சாந்தாமணி, மனசுல இருக்கறத ஒருக்காச் சொல்லிப்போடுங்க. பரவாயில்லைன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றேன்.

கம்பியின் மறுகோடி வரைக்கும் நடந்தாள். திரும்பி, அடி மேல் அடி வைத்து என் பக்கம் வந்தாள். மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது. என் முன்னால் வந்ததும் ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்தாள். பிறகு மற்றக் கையையும் எடுத்தாள். பிடிமானம் இல்லாமல் நேராக நின்று, என்னைப் பார்த்தாள். அதுவரைக்கும் அவள் முகத்தில் நான் பார்த்த சிரிப்பு இல்லை.

"எனக்கு ஒரே தம்பிங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, கண் கலங்கவும் இல்லை. மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடக்கத் தொடங்கினாள். நீ எத்தனை வருஷம், எத்தனை பஸ்ஸில், இரண்டு பாஷையிலும் என்னைத் திட்டியிருக்கிறாய். எல்லாம் சேர்ந்தும் எனக்கு இப்படி உறைத்ததில்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மரியாதைக்காக மன்னித்திருப்பாள், மனசார வந்த அந்த ஒரு வாக்கியத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பாள். அதை அவளிடம் திருப்பிக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. அது எனக்குச் சேரவேண்டியது, நானே வைத்துக்கொண்டேன்.